காலம் கடந்த ஒரு சோடி சப்பாத்து

ஒரு திரைப்படம் வெளிவந்து பல ஆண்டுகள் சென்ற பின்பும் புதிதாகத் தோன்றுவதற்குக் காரணம் என்ன? பெரும் பொருட்செலவா, புதிய தொழில்நுட்பமா? இவ்விரண்டும் இல்லாமலேயே நிலைத்து நிற்கும் ஒரு படத்தை நோக்குவோம். ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியின் 'சில்ரன் ஒஃப் ஹெவன்' 1997 இல் வெளிவந்தது. சிறந்த பிறமொழிப் படத்துக்கான ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் ஈரானியப் படம் இதுவே.

கதை மிகச் சிறியது. தெஹ்ரானில் வாழும் சிறுவன் அலி, தைத்து வாங்கிவந்த தங்கை ஸஹ்ராவின் சப்பாத்தைத் தொலைத்துவிடுகிறான். வீட்டு வாடகையே கட்ட முடியாத தந்தையிடம் இதைச் சொல்ல இருவருக்கும் மனம் வரவில்லை. ஸஹ்ராவுக்குக் காலையிலும் அலிக்குப் பிற்பகலிலும் பாடசாலை. ஆகவே அலியின் சப்பாத்தையே இருவரும் மாறி மாறி அணிகின்றனர்.

படத்தின் உயிர் இரண்டு காட்சிகளில் உள்ளது. பள்ளிவாசலுக்குரிய சீனிக் கட்டிகளைத் தந்தை வீட்டில் உடைத்துக்கொண்டிருக்கிறார். தேநீர் கொண்டுவரும் ஸஹ்ரா, சீனி முன்னால்தானே இருக்கிறது என்கிறாள். அவரோ அதில் ஒரு துண்டையும் எடுப்பதில்லை. அது அமானிதம். மற்றொரு காட்சியில், தன் சப்பாத்தை வேறொரு சிறுமியின் காலில் கண்ட ஸஹ்ரா, அண்ணனை அழைத்துக்கொண்டு அவள் வீடுவரை செல்கிறாள். அச்சிறுமியின் தந்தை பார்வையற்றவர் என்பதைக் கண்டதும் இருவரும் ஒன்றும் கேளாமல் திரும்பிவிடுகின்றனர்.

இரண்டிலும் தேவை இருக்கிறது. பொருளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆயினும் கை நீளவில்லை. தந்தையிடம் கண்ட பண்பு பிள்ளைகளின் நடத்தையில் வெளிப்படுகிறது. இதை விளக்கி எவரும் உபதேசம் செய்யவில்லை. விளங்கிக்கொள்ளும் பொறுப்பு பார்ப்பவரிடமே விடப்படுகிறது.

முடிவும் அப்படித்தான். மூன்றாம் பரிசான சப்பாத்துக்காக ஓடிய அலி, முதலிடம் பெற்று அழுகிறான். தந்தை புதிய சப்பாத்துகளை வாங்கி சைக்கிளில் வைத்திருப்பது நமக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்கள் மகிழ்வதைக் காட்டாமலே படம் முடிகிறது. அந்த மகிழ்ச்சியை நாமே மனதில் நிறைவு செய்கிறோம்.

2022 இல் இக்கதை 'அக்கா குருவி' என்ற பெயரில் தமிழிலும் வெளிவந்தது. தெருக்களும் உடைகளும் சப்பாத்தின் வடிவமும் காலத்தோடு மாறும். ஆனால், "அந்த வாசலில் நான் நின்றிருந்தால் கேளாமல் திரும்பியிருப்பேனா?" என்ற கேள்வி பழையதாவதில்லை. அக்கேள்வியை ஒவ்வொரு தலைமுறையிடமும் கேட்கக்கூடிய படைப்பே காலத்தை வெல்கிறது.