முட்டுக்காட்டில் கயாக்: திரும்பி வருவதையும் யோசியுங்க

பம்மலில் இருந்து ரேடியல் ரோடு, சோழிங்கநல்லூர், அக்கரை வழியாக இசிஆரைப் பிடித்துத் தெற்கே போனால் முட்டுக்காடு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இங்கேதான் இருக்கிறது. நல்ல வெயில் நாளில் நண்பர்களோடு துடுப்புப் போடத் தோதான இடம்.

தண்ணீர் அசையாமல் கிடக்குதேன்னு ஏமாறக் கூடாது. இது ஏரி இல்லை, கடலோடு சேரும் கழி. முகத்துவாரம் திறந்திருந்தால், கடல்மட்டம் இறங்கும் நேரத்தில் நீர் கடல் பக்கம் இழுக்கும். வெயில் ஏறியதும் கடல்காற்று எழுந்து படகை மேற்கே தள்ளும். சிரித்துப் பேசிக்கொண்டே காற்றோடு போய்விடுவோம். திரும்பும்போதுதான் தோள் வலிக்கும். அதனால் கையில் தெம்பு இருக்கும்போதே எதிர்க்காற்றில் போங்க, வரும்போது காற்றே தள்ளிவிடும். ஆனால் முகத்துவாரத்தை மட்டும் நெருங்க வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையை நண்பரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்க. அது காதுவரை ஏறினால் வார் தளர்வு என்று அர்த்தம். நல்லா நீச்சல் தெரிந்தவருக்கும் இது பொருந்தும்.

படகு கவிழ்ந்தால் கரைக்கு நீந்தாதீங்க. கவிழ்ந்த கயாக்கும் மிதக்கும். அதை விடாமல் பிடித்துக்கொண்டு கையை உயர்த்திக் கூப்பிடுங்க. கரையில் இருப்பவர்கள் உடனே படகுக் குழாம் ஊழியரிடம் சொல்லலாம். கடலோரப் பாதுகாப்புக் குழும உதவி எண் 1093, ஆம்புலன்ஸுக்கு 108.