முனகிய சக்கரம்



பேரிங் ஆயுள் சூத்திரத்தை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அதன் அர்த்தம் எனக்கு விளங்கியதோ எங்கள் வீட்டு வாசலில், இரண்டு புது பேரிங் வாங்கிய காசு வீணான பிறகுதான்.

என் அப்பா கல்யாணச் சமையல்காரர். எங்களிடம் ஒரு பழைய மாருதி 800 இருக்கிறது. (1983 டிசம்பரில் வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி.) பின் சீட்டைக் கழற்றிவிட்டு அண்டா, அரிசி மூட்டை, அடுப்பு எல்லாம் அதில்தான் ஏற்றுவார். ஒருநாள் செங்கம் ரோட்டில் போகும்போது, "டேய், பின்னாடி ஏதோ முனகுது பாரு. டிப்ளமா படிக்கிறியே, இன்னான்னு சொல்லு" என்றார்.

வேகம் கூடக் கூட முனகலும் கூடியது. நியூட்ரலில் ஓடவிட்டபோதும் நிற்கவில்லை. ஆக, என்ஜின் இல்லை. டயர் சத்தம் என்றால் ரோடு மாறும்போது மாறும், இது மாறவில்லை. வண்டி இடது பக்கம் வளையும்போது சத்தம் அதிகமானது. அப்போது பாரம் வலது சக்கரத்துக்குப் போகிறது அல்லவா? எனவே வலது பின்சக்கரம். வீட்டில் ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினேன். 'லொடக்' என்றது. காயில் ஸ்பிரிங்கில் விரலை வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால் மணல் அரைபடுவதுபோல் ஒரு அதிர்வு. சந்தேகமே இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். பின்பக்கம் தூக்குவதால் ஹேண்ட் பிரேக்கை விட்டுத்தான் டிரம்மைக் கழற்ற முடியும். முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரிலும் போட்டு வையுங்கள். பிரேக் தூசியை வாயால் ஊதக்கூடாது, ஈரத்துணியால் துடையுங்கள்.

டிரம்முக்குள் இரண்டு பேரிங், நடுவில் ஒரு ஸ்பேசர். பழையதைத் தட்டி எடுத்தேன். புதியதையும் அப்படியே பஞ்ச் வைத்து உள்வளையத்தில் தட்டி இறக்கினேன். அங்கேதான் கெட்டது! டிரம்மில் இறுக்கமாக உட்காருவது வெளிவளையம். உள்வளையத்தில் அடித்தால் அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகத்தான் வெளிவளையத்துக்குப் போகும். குண்டு தொடும் இடம் ஊசிமுனை போல. ஓடுபாதையில் பள்ளம் விழுந்துவிடும். இரண்டே நாளில் புது பேரிங்கும் முனகியது.

அப்பா திட்டவில்லை. "வெள்ளிக்கிழமை போளூர்ல முகூர்த்தம், வண்டி வேணும்" என்று மட்டும் சொல்லி மறுபடி காசு கொடுத்தார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

இரண்டாவது முறை, பழைய பேரிங்கின் வெளிவளையத்தையே புதியதன் வெளிவளையத்தின் மேல் வைத்து, பெரிய வைஸில் கொடுத்து மெல்ல அழுத்தி இறக்கினேன். ஸ்பேசரை மறக்கவில்லை. அது இல்லாமல் நட்டை முறுக்கினால் குண்டுகள் பக்கவாட்டில் நசுங்கும். டேப்பர் ரோலர் பேரிங்கில் நட்டை இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி லூஸ் பார்ப்போம். அந்த முறை இங்கே பொருந்தாது. ஸ்பேசரின் நீளமே அளவு, நட்டை மேனுவலில் சொன்ன டார்க்கில் முறுக்க வேண்டும். ஸ்பிளிட் பின் புதியது போடுங்கள்.

இப்போது சூத்திரம். பால் பேரிங்கின் ஆயுள், பாரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதம். பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்கு. கால் பங்கு கூடினாலே ஏறக்குறைய பாதி! இதைக் கணக்குப் போட்டு அப்பாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "அப்ப அரிசி மூட்டைய கல்யாண வீட்டுக்காரங்களையே எறக்கச் சொல்லிடலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை போளூர் போய்ச் சேர்ந்ததும் இறங்கி, டிரம்மைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு சூடுதான்.