ஏ லெவலில் ஆங்கிலம் இல்லையென்றால்

என் மகள் இப்போது தமிழ்நாட்டில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில், அரசு ஒதுக்கீட்டு இடத்தில், எம்.பி.பி.எஸ். படிக்கிறாள். அவளோடு நீட் எழுதிய தோழிகள் அவளுக்கு ஒரு வருடம் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கிலும் ஏ லெவல் முடித்து, 2023 நீட் தேர்விலும் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை அவள். பிளஸ் டூ நிலையில் ஆங்கிலம் படித்ததற்குச் சான்று இல்லை என்ற ஒரே காரணத்தால் அந்த வருடம் அவளுடைய விண்ணப்பம் தள்ளுபடியானது. உங்கள் வீட்டிலும் ஏ லெவல் படிக்கும் பிள்ளை இருந்து, அது டாக்டர் ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இதைக் கடைசிவரை படியுங்கள்.

கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் போட்டதே தவறு என்று சொந்தக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. கணவருக்கு தோஹாவில் வேலை. பள்ளிக் கட்டணத்தைக் கம்பெனியே கட்டியது. எப்போது ஊர் திரும்புவோம், திரும்புவோமா என்றே தெரியாத நிலையில் எந்த நாட்டுக்குப் போனாலும் தொடரக்கூடிய படிப்பைத்தான் எந்தப் பெற்றோரும் தேர்ந்தெடுப்பார்கள். ஐ.ஜி.சி.எஸ்.இ.யை அங்கே முடித்துவிட்டுச் சென்னை வந்தோம். நடுவில் பாடத்திட்டம் மாறினால் பிள்ளை தடுமாறுவாள் என்று இங்கேயும் ஒரு சர்வதேசப் பள்ளியிலேயே ஏ லெவல் சேர்த்தோம். சோதனைக்கூடத்தில் தானே செய்து, தானே எழுதிப் பழகியது இன்று கல்லூரியில் அவளுக்கு எவ்வளவு உதவுகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன்.

நடந்த தவறு பாடத் தேர்வில் நடந்தது. சேர்க்கையின்போது, மகள் மருத்துவம்தான் படிப்பாள், இந்தியாவில்தான் படிப்பாள் என்று பள்ளியின் ஆலோசகரிடம் தெளிவாகச் சொன்னேன். அவர் நான்கு பாடங்களை எழுதிக் கொடுத்தார். ஆங்கிலம் வேண்டாமா என்று கேட்டேன். "ஐ.ஜி.சி.எஸ்.இ.லயே இங்கிலீஷ் முடிச்சுட்டாங்களே மேடம், அது போதும். அதுக்குப் பதிலா மேத்ஸ் எடுக்கட்டும், மெடிசின் கிடைக்கலைன்னா இன்ஜினியரிங் பக்கம் போகலாம்" என்றார். பிறகு பெற்றோர் கூட்டத்திலும் கேட்டேன். அதே பதில்.

அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. பிரிட்டனில் மருத்துவம் சேர ஆங்கிலத்துக்குப் பத்தாம் வகுப்பு நிலைத் தேர்ச்சியே போதும். அந்த ஆலோசகருக்குப் பிரிட்டன் விண்ணப்பங்கள் அத்துப்படி. அங்கே உள்ள வழக்கத்தை அப்படியே இந்தியாவுக்கும் பொருத்திவிட்டார். இந்திய விதி வேறு. இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித் தொழில்நுட்பம், ஆங்கிலம் ஆகிய ஒவ்வொன்றிலும் பிளஸ் டூ நிலையில் தனித்தனியாகத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். மூன்று அறிவியல் பாடங்களிலும் சேர்த்துப் பொதுப் பிரிவினர் 50 சதவீதமும், பிற்படுத்தப்பட்டோரும் பட்டியலினத்தாரும் பழங்குடியினரும் 40 சதவீதமும் எடுத்திருக்க வேண்டும் என்றும் 2023 நீட் கையேட்டில் இருந்தது. இது ரகசியம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு வருடமும் நீட் தகவல் கையேட்டில் தகுதிப் பகுதியிலேயே அச்சாகிறது. பல்கலைக்கழக வழிகாட்டுதலுக்கென்று தனியாகக் கட்டணம் வாங்கும் பள்ளியில், அதைப் படித்துப் பார்க்க வேண்டியவர் படிக்கவில்லை. விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் விதியைப் பார்த்தார்கள். பள்ளி பார்க்கவில்லை.

பிறகு அக்டோபர்–நவம்பர் பருவத்தில் தனித்தேர்வராக, ஏ லெவலின் முதல் கட்டமான ஏ.எஸ். நிலையில் ஆங்கிலம் எழுதினாள். எழுதும்போதே இன்னொரு பயம் கூட இருந்தது. பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வருடமும் இந்தப் பாடங்களைத் தொடர்ச்சியாக, முறையாகப் படித்திருக்க வேண்டும் என்பது பழைய மருத்துவக் கவுன்சில் காலத்து நிலைப்பாடு. பின்னால் கூடுதல் பாடமாக எழுதினால் செல்லுமா என்று யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு பதில். தேர்வு எழுதி முடித்த பிறகு, 2023 நவம்பர் மாதக் கடைசியில், தேசிய மருத்துவ ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பின் அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் தேவையான பாடத்தைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்றது அது. அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதோம். பாடம் ஒன்று குறைந்து நிற்கும் பிள்ளைகளின் பெற்றோர் இந்த அறிவிப்பை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல், மருத்துவக் கனவையே விட்டுவிடச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இழந்த அந்த வருடத்தின் விலை 2024-ல் தெரிந்தது. அந்த ஆண்டு நீட் முடிவுகள் எப்படி வந்தன என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜூன் 4-ஆம் தேதி வந்த முடிவில் 67 பேர் 720-க்கு 720. உச்ச நீதிமன்றம் வரை போய், திருத்திய முடிவில் அது 17 ஆனது. ஆனாலும் மொத்தமாக மதிப்பெண்கள் ஏறியே இருந்தன. என் மகள் முந்தைய ஆண்டைவிடக் கூடுதலாக எடுத்தாள். தரவரிசையில் பின்னால் போனாள். 2023-ல் அரசுக் கல்லூரி கிடைக்கக்கூடிய இடத்தில் இருந்தவளுக்கு 2024-ல் தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம்தான் கிடைத்தது. இரண்டு கட்டணத்துக்கும் வருடத்துக்கு லட்சக்கணக்கில் வித்தியாசம். அதை நாங்கள் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

எனவே பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையின்போதே ஆங்கிலத்தை ஏ.எஸ். நிலையிலாவது எடுத்துவிடுங்கள். ஐந்து பாடம் பாரம் என்றால் கணிதத்தை விடுங்கள், ஆங்கிலத்தை விடாதீர்கள். இயற்பியலை ஏ.எஸ்.ஸோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். மூன்று அறிவியலும் முழு ஏ லெவல். பள்ளி சொல்வது எதுவானாலும் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்குங்கள்.

ஐ.பி. டிப்ளமா என்றால் ஆங்கிலம் பெரும்பாலும் தானாக வந்துவிடும். அங்கே சிக்கல் வேறு. வழக்கமான அமைப்பில் மூன்று அறிவியல் பாடங்களை ஒன்றாக எடுக்க முடியாது. இந்திய மருத்துவச் சேர்க்கைக்குத் தேவை என்று காட்டிப் பள்ளி ஒருங்கிணைப்பாளர் முன்கூட்டியே சிறப்பு அனுமதி கேட்க வேண்டும். முதல் வருடத்தின் தொடக்கத்திலேயே இதைக் கேட்டு முடித்துவிடுங்கள்.

தேர்வுப் பருவத்தையும் கவனியுங்கள். கேம்பிரிட்ஜுக்கு இந்தியப் பள்ளிகளில் மார்ச் பருவம் இருக்கிறது, முடிவு மே மாதம் வந்துவிடும். ஜூன் பருவத்தில் எழுதினால் தேர்வுகள் மே மாதம் முழுக்க ஓடும். நீட் நடப்பது மே முதல் ஞாயிறு. முடிவு வர ஆகஸ்ட் ஆகிவிடும், அதற்குள் கலந்தாய்வு விண்ணப்பங்கள் முடிந்துபோகும். வளைகுடாவில் ஜூன் பருவத்தில் எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் இப்படியே போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நீட்டுக்குப் படிப்பதைப் பற்றி ஒன்றே ஒன்று. கேம்பிரிட்ஜ் உயிரியலை நம்பிப் போகாதீர்கள். 180 கேள்வியில் 90 உயிரியல். விலங்குலகம், தாவர உலகம், பூக்கும் தாவரங்களின் புற அமைப்பு இதெல்லாம் ஏ லெவலில் இந்த அளவுக்குக் கிடையாது. என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் இரண்டையும் வரிக்கு வரி படிக்க வேண்டும்.

மற்றவை வழக்கமான காகித வேலை. இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் இணைத்தன்மைச் சான்றுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கிரேடு மட்டும் உள்ள தாள் போதாது. சதவீத மதிப்பெண் அச்சான முடிவுத் தாளையும் பத்திரப்படுத்துங்கள், மதிப்பெண்ணைக் காட்ட அதுதான் ஆதாரம். ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுக்கத் தமிழ்நாட்டில் படிக்காத பிள்ளைக்கு மாநில ஒதுக்கீட்டில் கேட்க நேட்டிவிட்டி சான்றிதழ் வேண்டும். பெற்றோரின் பழைய ஆவணங்களைத் தேடி எடுத்து, இ-சேவை மையத்தில் முன்னதாகவே போட்டுவிடுங்கள். சாதிச் சான்றிதழும் அப்படியே.

எங்கள் விண்ணப்பம் தள்ளுபடியான வாரத்திலேயே ஏஜென்ட்டுகளின் போன் வர ஆரம்பித்தது. என்.ஆர்.ஐ. கோட்டாவுக்கு நீட் பெரிதாகத் தேவையில்லை என்றார்கள். பொய். எந்தக் கோட்டாவுக்கும் நீட் தகுதி கட்டாயம். வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கே திரும்பி வந்து டாக்டராக வேலை பார்க்க நினைப்பவருக்கும் நீட் கட்டாயம். 2021 விதிப்படி அந்தப் படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியோடு இருந்தாக வேண்டும். முன்பணம் கேட்பவரிடம் முதலில் இந்த மூன்றையும் கேளுங்கள்.

கடைசியாக, சர்வதேசப் பள்ளி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தியாவில் மருத்துவம் படிக்க விரும்பும் மாணவருக்கு எந்தெந்தப் பாடம், எந்த நிலையில், எந்தப் பருவத்தில் வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் அச்சடித்து, சேர்க்கைப் படிவத்தோடு பெற்றோர் கையில் கொடுங்கள். உங்கள் ஆலோசகரின் பெயரையும் கையெழுத்தையும் அதன் அடியில் போடுங்கள்.