ஓலைச்சுவடியும் ஒளித்தகடும்

திண்டிவனத்தின் வழியாகச் செல்வோர் பலர். அவ்வூரைச் சார்ந்த கிடங்கில் என்னும் பகுதியை நினைந்து பார்ப்போர் மிகச் சிலர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையின் தலைவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். அவனுக்குரிய ஊர்களுள் ஒன்றே இக்கிடங்கில். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வறுமையால் வாடி எதிர்ப்பட்ட மற்றொரு பாணனை அவ்வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவதாக, இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் இதனைப் பாடியுள்ளார். பாணனது சிறிய யாழை அவர் வருணிக்கும் இடம் வியக்கத்தக்கது. யாழ்க்கோட்டில் நெகிழவும் இறுகவும் அமைந்த வார்க்கட்டிற்கு, குரங்கின் கையில் அகப்பட்ட பாம்பை உவமை கூறுகின்றார். யாழை அருகிருந்து நெடும்பொழுது நோக்கியவர்க்கன்றி இவ்வுவமை தோன்றாது.

இவ்வளவு நுட்பமாக யாழைக் கண்ட புலவரால் அதன் ஒலியை மட்டும் நமக்குத் தர இயலவில்லை. 1889-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். பாட்டு நம் கைக்கு வந்தது. பாணன் எச்சுருதியில் நரம்பைக் கூட்டினான், பாடுங்கால் முகத்தை எங்ஙனம் வைத்துக்கொண்டான் என்பன வரவில்லை. ஓலை சொல்லைக் காத்தது, இசையைக் காக்கவில்லை.

இக்குறையை நிரப்ப வந்தவை சலனப்படமும் ஒலிப்பதிவும். திரையரங்கில் ஒரு வாரம் ஓடி மறைந்த படத்தையும், ஒரு மாலைப்பொழுதில் முடிந்துபோன கச்சேரியையும் வீட்டிற்குக் கொணர்ந்து, வேண்டும்போது காணச் செய்தவை வீடியோ நாடாவும் அதன்பின் வந்த ஒளித்தகடும். இவற்றைப் பொழுதுபோக்குப் பொருளாக மட்டும் கருதுதல் பொருந்தாது, இவையும் சுவடிகளே என்பது என் கருத்து. சுவடிகள் என்றால் சுவடிக்குரிய பிழைகளும் இவற்றிற்கு உண்டு. பாடபேதம், இடைச்செருகல், சிதைவு, ஏடெழுதுவோர் பிழை ஆகிய நான்கும் தகட்டில் உள. தமிழ் பயிலும் நாம் அவற்றை இனங்காணக் கற்றவர்களாதலால், இத்துறை நமக்குப் புறம்பானதன்று.

முதலில் சிதைவைக் கூறுவேன். ஏறத்தாழ 1950 வரை திரைப்படங்கள் நைட்ரேட் சுருள்களில் அச்சிடப்பட்டன. அது எளிதில் தீப்பற்றுவது. தீப்பற்றாவிடினும் காலப்போக்கில் தானே பிசுபிசுத்துப் பொடியாவது. அதிலுள்ள வெள்ளிக்காகச் சுருளைக் கரைத்து விற்றோரும் உண்டு. 1931-இல் வெளிவந்த முதற்றமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ இன்று ஒரு பிரதியும் இன்றி ஒழிந்தது. சங்கப்பாட்டு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு ஓலையில் உயிர்தரித்திருக்க, நம் பாட்டனாரின் தந்தையர் கண்ட படம் நூறாண்டிற்குள் மறைந்தது! புனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இல்தான் தோன்றியது. அதற்கு முன் அழிந்தவற்றிற்குக் கணக்கேது?

எஞ்சியவற்றுள் 1940-இல் வந்த ‘சகுந்தலை’ ஒன்று. சகுந்தலையாக எம். எஸ். சுப்புலட்சுமியும், துஷ்யந்தனாக ஜி. என். பாலசுப்பிரமணியமும் நடித்தனர். இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர், தமிழறியாதவர். நடிப்பைப் பொறுத்தவரை அரசர் சற்று விறைப்பாகவே நிற்கிறார் என்பதை மறைப்பானேன்? ஆனால், முப்பது வயதில் ஜி. என். பி. பாடும் முகம் அங்கே இருக்கின்றது. பிருகாக்கள் உதிரும்போது வாய் எவ்வளவு சிறிதே அசைகிறது என்பதை இசைத்தட்டு காட்டாது, படம் காட்டும். இசை பயில்வோர்க்கு இது பொற்சுரங்கம்.

நிற்க. இத்தகைய படங்கள் நம் இல்லம் புகுந்த வரலாறு நீண்டதன்று. வி.எச்.எஸ். நாடா ஜப்பானில் 1976-இல் வெளிவந்தது. எண்பதுகளில் நம் மாவட்டத்துச் சிற்றூர்களிலும் ‘டெக்’கை நாள் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படங்கள் பார்ப்பது வழக்கமாயிற்று என்று பெரியோர் கூறக் கேட்டிருக்கிறேன். டி.வி.டி. தகடு 1996-இல் தோன்றியது. 2007-ஆம் ஆண்டளவில் மோசர் பேயர் நிறுவனம் படத்தகடுகளை 28 ரூபாய்க்கும் 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபின், மளிகைக் கடையிலும் பழம்படம் தொங்கியது. அந்நிறுவனமும் இன்றில்லை, தகடு விற்ற கடைகள் கைப்பேசி உறை விற்கின்றன. இணையத்தில் எல்லாம் கிடைக்கும் என்பாருளர். இன்று கிடைப்பது நாளை எடுக்கப்பட்டுவிடுகிறது என்பதை அவர்கள் ஒருமுறை பட்டறிந்தால் தகட்டின் அருமை விளங்கும்.

இனி ஏடெழுதுவோர் பிழை. இதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன்; என்னை? இசை மாணவரும் பலர் இதனை அறியார். திரையரங்கில் படம் வினாடிக்கு 24 சட்டங்களாக ஓடுகிறது. நம் நாட்டுத் தொலைக்காட்சிக்குரிய பால் முறையோ வினாடிக்கு 25 சட்டங்கள் கொண்டது. ஆதலின் படத்தை அம்முறைத் தகட்டிற்கு மாற்றுவோர் பெரும்பாலும் அதனைச் சிறிது விரைவாக ஓட்டிவிடுவர். நூறு நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துபோகும். கதைக்கு இதனால் ஊறில்லை. இசைக்கோ ஊறு பெரிது. விரைவு நூற்றுக்கு நான்கு கூடினால் சுருதியும் அவ்வளவு ஏறும். அரைக் கட்டைக்குச் சற்றே குறைந்த ஏற்றம் அது. பாடகர் வைத்த சுருதி வேறு, தகட்டில் நாம் கேட்கும் சுருதி வேறு. மாற்றுவோர் விழிப்புடன் சுருதியைத் திருத்தியிருந்தாலன்றி இப்பிழை தங்கிவிடும். தகட்டைக் கேட்டுவிட்டு, ‘அக்காலத்தில் இவர் இவ்வளவு உயர்ந்த சுருதியில் பாடினார்’ என்று எழுதப் புகுவோர், எழுத்துப்பிழையை ஆர்ஷப் பிரயோகம் என்று போற்றும் உரைகாரரை ஒப்பர்.

இடைச்செருகலும் விடுபாடும் காண நெடுந்தொலைவு போக வேண்டா. சில ஆண்டுகளுக்கு முன் விழுப்புரம் பேருந்து நிலையத்தருகே பழைய படத்தகடு ஒன்று வாங்கினேன். வெளியிட்டவர் பெயர் ஈண்டு வேண்டா. தொடக்கத்தில் வரும் பெயர்ப்பட்டியல் முழுதும் வெட்டப்பட்டிருந்தது. பாடலாசிரியர் யார், வீணை வாசித்தவர் யார் என்றறிய வழியில்லை. இரு பாடல்கள் சரணத்தோடு மறைந்தன. நாயகியின் நெற்றியில் நிறுவனத்தின் முத்திரை படம் முடியுமளவும் நின்றது. பாயிரம் கிழிந்து, நடுவேடு உதிர்ந்து, ஒவ்வோர் ஏட்டிலும் உரிமையாளர் பெயர் பொறித்த சுவடி அது.

மேலைநாட்டார் இவ்வகையில் நமக்கு ஆசிரியராவர். சான்றுக்கு நம் நாட்டுப் படத்தையே எடுத்துக்கொள்வேன். சத்யஜித் ராய் இயற்றிய ‘பதேர் பாஞ்சாலி’ 1955-இலும், ‘அபராஜிதோ’ 1956-இலும், ‘அபூர் சன்சார்’ 1959-இலும் வெளிவந்தன. மூன்றற்கும் இசை ரவிசங்கர். 1993-இல் இலண்டனில் நிகழ்ந்த தீவிபத்தொன்றில் இவற்றின் மூலச்சுருள்கள் வெந்தன. விளிம்பு கருகி, சுருண்டு, உருகிக் கிடந்தவற்றைக் குப்பையென்று எறியாது அமெரிக்கத் திரைப்பட அகாதமியார் பாதுகாத்தனர். இருபதாண்டு கழித்து இத்தாலியின் பொலோனா நகரத்து வல்லுநர்கள் அவற்றை ஈரப்பதமூட்டி நெகிழ்வித்து, துளைகளைக் கையாலே செப்பனிட்டு, சட்டம் சட்டமாக ஒளிவருடினர். ஏறத்தாழ ஆயிரம் மணிநேரம் இக்கைவேலைக்கே சென்றதாம். ‘பதேர் பாஞ்சாலி’யில் நூற்றுக்கு நாற்பது பங்கு மூலச்சுருளினின்றே மீண்டது, ‘அபராஜிதோ’வில் அறுபதிற்கும் மேல். மூன்றாவது படத்தின் மூலம் மீளவேயில்லை. குறைந்த பகுதிகளைப் பிற நாடுகளில் இருந்த பிரதிகளைக் கொண்டு நிரப்பினர். 2015-இல் இது திரைக்கும், பின்னர்த் தகட்டிற்கும் வந்தது. ஏடு தேடி ஊரூராய் அலைந்து, கிடைத்த ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் துணிந்த நம் பதிப்பாசிரியரின் பணிக்கும் இதற்கும் வேற்றுமை யாது? கருவி ஒன்றே வேறு.

டென்மார்க் நாட்டுத் திரையர் அறிந்த இன்னொரு கதையும் உண்டு. கார்ல் டிரையர் 1928-இல் எடுத்த ‘ஜோன் ஆவ் ஆர்க்கின் பாடுகள்’ என்னும் மௌனப்படத்தின் மூலச்சுருள் அவ்வாண்டே தீக்கிரையாயிற்று. எஞ்சிய துணுக்குகளைக் கொண்டு அவர் மீண்டும் தொகுத்ததையும் தீ விடவில்லை. தீயில் மடிந்த மங்கையின் படத்தைத் தீ இவ்வாறு துரத்தியது. 1981-இல் நார்வே நாட்டு மனநோய் மருத்துவமனை ஒன்றின் அலமாரியில் முழுப் பிரதி அகப்பட்டது. புதுவையில், தேவதைகளின் அன்னை ஆலயத்திற்கு எதிரே நிற்கும் அம்மங்கையின் சிலையை விழுப்புரத்தார் பலர் கண்டிருப்பர். அச்சிலையைக் கண்டவர் இப்படத்தையும் காண்பாராக.

நம்மவரும் வாளா இருந்தாரல்லர். 1928-இல் விழுப்புரத்திற் பிறந்த சிவாஜி கணேசன் நடித்த ‘கர்ணன்’, 1964-ஆம் ஆண்டுப் படம். அதனைச் செப்பனிட்டு 2012-இல் மீண்டும் திரையிட்டபோது, நூறு நாட்களுக்கு மேல் ஓடிற்று. புதிய அரங்குக் கருவிகளுக்கேற்ப ஒலியையும் மாற்றியமைத்தனர். மக்கள் மகிழ்ந்தனர், யானும் மகிழ்ந்தேன். ஆயினும் பழைய ஒலியமைப்பையும் உடன் சேர்த்துத் தகட்டில் தருதல் முறையென்பது என் துணிபு. மூலத்தையும் தந்து உரையையும் தருவதே நல்ல பதிப்பு.

கச்சேரிப் படங்களுக்கு வருவோம். 1971 ஆகஸ்டு 1-இல் நியூயார்க்கில் வங்காள தேசத்து அகதிகளுக்காக நடந்த இசைநிகழ்ச்சி படமாகி, 2005-இல் தகடாகவும் வந்தது. அதில் ரவிசங்கரும் அலி அக்பர்கானும் சுருதி கூட்டி முடித்ததும், அவையோர் அதனையே ஓர் உருப்படியென்று எண்ணிக் கைகொட்டுகின்றனர். சுருதி கூட்டியதற்கே இவ்வளவு உவந்தால் வாசிப்பை இன்னும் உவப்பீர்கள் என்று நம்புவதாக ரவிசங்கர் கூறும் அவ்விடத்தை யான் ஐந்தாறு முறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இசைத்தட்டு வெளியிடுவோர் எளிதில் நீக்கிவிடக்கூடிய பகுதி அது. அவைக்கும் கலைஞனுக்கும் உள்ள இடைவெளியைச் சொல்ல அதனினும் சிறந்த ஆவணம் வேறில்லை.

சத்யஜித் ராய் 1976-இல் பாலசரசுவதியைப் பற்றி ‘பாலா’ என்னும் 33 நிமிடப் படம் எடுத்தார். ராய் அவர் ஆடக் கண்டது 1935-இல், கல்கத்தாவில், தம் பதினான்காம் வயதில். படம் எடுத்தபோது பாலாவிற்கு ஐம்பத்தெட்டு. கடற்கரையில் காற்று சேலையை அலைக்க அவர் அபிநயிக்கும் காட்சி அழகே. எனினும் 1935-ஆம் ஆண்டுப் பாலா எங்கே? அவ்வாட்டம் கிடங்கிற் பாணனது யாழோசை சென்ற இடத்திற்கே சென்றது.

இறுதியாக என் இல்லத்துச் சுவடி. திண்டிவனத்தில் ஆசிரியராயிருந்த என் தாத்தா கோயிற் பாடகர் குழுவை நெடுங்காலம் நடத்தியவர். யான் பிறக்குமுன் மறைந்தார். என் பெரிய அத்தையின் திருமண வீடியோ நாடாவில் அவர் ஆர்மோனியத்துடன் ஒரு கீர்த்தனை பாடியிருப்பதாக வீட்டார் கூறுவர். நாடா பூஞ்சை பிடித்துப் பரண்மேற் கிடந்தது. சென்ற விடுமுறையில் விழுப்புரத்துக் கடையொன்றிற்குக் கொண்டு சென்றேன். மூன்று மணிநேர நாடாவில் பதினொரு நிமிடங்கள் மீண்டன. அவற்றுள் கீர்த்தனையும் இருந்தது. தாத்தா பல்லவியைத் தொடங்குகிறார், கட்டம்போட்ட சால்வை, வலக்கை தாளமிடுகின்றது. அனுபல்லவி முடியுமுன் படம் பிடிப்பவர் கருவியைப் பந்திப் பக்கம் திருப்பிவிட்டார். இலை போடுவோரும் தண்ணீர் வைப்போரும் தெரிகின்றனர். அவர்களுக்குமேல் தாத்தாவின் குரல், சற்றே ஏறிய சுருதியிலோ அவருடைய சுருதியிலோ, சரணத்தைப் பாடிச் செல்கிறது. படம் அவர்பால் மீண்டபோது அவர் ஆர்மோனியத்தை மூடிக்கொண்டிருக்கிறார்.