அப்பாவுடன் தவாங்

கேள்வி: பணி ஓய்வு பெற்ற அப்பாவைத் தவாங் கூட்டிப்போக ஆசை. போகலாமா? – வாசகர், ஆவடி

பதில்: தாராளமாக. டாக்டரை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். நாம் சமவெளிக்காரர்கள், தவாங் சுமார் 10,000 அடி, வழியில் சேலா கணவாய் 13,700. 2024இல் திறந்த சுரங்கப்பாதை அந்த உச்சியைத் தவிர்க்க உதவும். ஆனாலும் குவாஹாட்டியிலிருந்து ஒரே மூச்சில் ஏறாதீர்கள். வழியிலுள்ள திராங்கில் இரண்டு இரவு தங்கினால் உடம்பு பழகிக்கொள்ளும்.

தவாங் இருக்கும் அருணாசலப் பிரதேசத்துக்குள் நுழைய இன்னர் லைன் பெர்மிட் கட்டாயம், ஆன்லைனிலேயே வாங்கலாம். சீன எல்லையிலுள்ள பும்லாவுக்குத் தனி அனுமதி வேண்டும்.

தவாங்கின் 17ஆம் நூற்றாண்டு புத்த மடாலயத்தை எப்படியும் பார்ப்பீர்கள். அங்குள்ள மோன்பா பழங்குடியினரின் வீடு ஒன்றில் உட்காரும் வாய்ப்பையும் விட்டுவிடாதீர்கள். வெண்ணெயும் உப்பும் சேர்த்து நீள மரக்குழலில் கடைந்த தேநீர் தருவார்கள். குடிக்கக் குடிக்கக் கோப்பையை நிரப்புவார்கள். அது அவர்கள் உபசாரம். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருந்தால் இரண்டு வாயோடு நிறுத்தச் சொல்லுங்கள்.