இருபாலார் மென்பந்தாட்டமும் அதன் விதிகளும்

விளையாட்டை விளையாடி மகிழ்வார் பலர். அதன் விதிகளை ஒரு நூலாக வைத்து ஆராய்வார் சிலரே. இலக்கணம் பயில்வார்க்குப் பின்னையதும் இனிது. பொதுவிதி ஒன்று கூறி, அதற்கு விலக்கும் கூறி, இரண்டினும் அடங்காதவற்றைப் புறனடையால் தழுவிக்கொள்ளும் முறை நம் இலக்கண நூலார்க்கே உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆடவரும் மகளிரும் ஓரணியிற் கூடி ஆடும் மென்பந்தாட்டத்தின் விதிகளை நோக்குவார்க்கும் அம்முறை புலனாகும். அந்நாட்டிலே கோடைக்கால மாலைகளில், நகரசபைக்குரிய மைதானங்களில், கணவனும் மனைவியும், அண்ணனும் தங்கையும், ஓர் அலுவலகத்தில் வேலைபார்ப்போரும், ஒரு திருச்சபையைச் சார்ந்தோரும் ஓரணியாய் இறங்கி ஆடுவர். அவர்கட்குப் பரிசுப் பணமும் இல்லை. பத்திரிகைப் புகழும் இல்லை. எனினும் அவர்தம் விதிநூல் ஒரு கடினமான வினாவிற்கு விடைகாண முயல்கின்றது. வன்மையில் ஒவ்வாதாரை ஒரு களத்தில் நிறுத்தி, ஒருவரும் வீணராகாமல் ஆடச் செய்வது எங்ஙனம் என்பதே அவ்வினா. அவ்விடை எவ்வளவு தூரம் செல்கின்றது, எங்கே நின்றுவிடுகின்றது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

ஆட்டத்தை அறியாதார்க்கு அதன் இயல்பை முதற்கண் கூறுதல் வேண்டும். சதுரமாய் அமைந்த நான்கு தளங்கள் களத்தில் உள. அவற்றுள் வீட்டுத்தளம் என்னும் ஒன்றினருகில் நின்று அடிப்பவர் பந்தை அடித்து, முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் என முறையே ஓடி, மீண்டும் வீட்டுத்தளத்தை அடைவரேல் ஓர் ஓட்டம் கிடைக்கும். நிலத்தில் விழுமுன் பந்து பிடிக்கப்படினும், ஓடி வருவார்க்கு முன்னர்ப் பந்து தளத்தைச் சேரினும் அவர் அவுட். மூவர் அவுட்டானால் அம்முறை முடிந்து எதிரணி அடிக்க வரும். ஆட்டம் ஒன்றுக்கு இத்தகைய முறைகள் ஏழு. கிரிக்கெட் அறிந்த நம்மவர்க்கு இஃது எளிதில் விளங்கும். ஆயினும் இங்கே அடித்தவர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடல் வேண்டும் என்பதை மறத்தலாகாது.

இவ்வாட்டம் பிறந்த வரலாறு வேடிக்கையானது. 1887-ம் ஆண்டு நவம்பர் மாதத்து நன்றியறிதல் நாளன்று, சிக்காகோ நகரத்துப் பாரகட் படகுச் சங்கத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் சில இளைஞர்கள் குழுமியிருந்தனர். ஹார்வர்ட், யேல் என்னும் இரு சர்வகலாசாலைகளுக்கிடையே நிகழ்ந்த கால்பந்துப் போட்டியின் முடிவு தந்தி வாயிலாய் வருமென்று அவர்கள் காத்திருந்தனர். யேல் வென்றது என்னும் செய்தி வந்ததும், யேல் பக்கத்தார் ஒருவர் மகிழ்ச்சி மிகுதியால் அங்குக் கிடந்த குத்துச்சண்டைக் கையுறை ஒன்றை ஹார்வர்ட் பக்கத்தார்மேல் வீச, அவர் அதனைக் கழி ஒன்றால் அடித்தார் என்பர். ஜார்ஜ் ஹான்காக் என்பார் அக்கையுறையை அதன் கயிற்றாலேயே இறுகக் கட்டிப் பந்தாக்கி, தரையில் சுண்ணக்கட்டியால் தளங்களை வரைந்தார். பேஸ்பால் என்னும் பேராட்டம் இவ்வாறு ஒரு கூடத்தினுள்ளே சிறுத்துப் புகுந்தது. 1895-ல் மினியாபொலிஸ் நகரத்துத் தீயணைக்கும் படையினரான லூயிஸ் ரோபர் என்பார், தீ இல்லாத வேளையில் தம் தோழர் சோம்பியிராமைப் பொருட்டு, இத்தகையதோர் ஆட்டத்தைத் தம் நிலையத்தருகே வெளியிடத்தில் ஆடச் செய்தார். நெடுங்காலம் இவ்வாட்டம் ஊருக்கொரு பெயர் பூண்டு நின்றது. பூனைக்குட்டிப் பந்து என்றும், வைரப் பந்து என்றும், பூசணிப் பந்து என்றும் பொருள்படும் பெயர்களெல்லாம் அதற்கு வழங்கின. 1926-ல் டென்வர் நகரத்துக் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைச் சார்ந்த வால்டர் ஹாகன்சன் என்பார் கூறிய ‘சாப்ட்பால்’ என்னும் பெயரே பின்னர் நிலைத்தது. 1933-ல் சிக்காகோவில் நிகழ்ந்த உலகப் பொருட்காட்சியை ஒட்டி நாடு தழுவிய போட்டி நடைபெற்றபோது, ஆடவர்க்கேயன்றி மகளிர்க்கும் அதில் தனிப்பிரிவு இருந்தது. மகளிர் இவ்வாட்டத்துள் இடையிலே வந்து ஒண்டினவரல்லர் என்பதற்கு இதுவே சான்று.

பெயர் மென்பந்தாயினும், பந்து இப்பொழுது மெல்லியதன்று. சுற்றளவு 12 அங்குலமுள்ள இப்பந்து விரலிற் பட்டால் வீங்கச் செய்வது. கையுறையின்றிப் பிடிப்பார் அரியர். சிக்காகோவில் மட்டும் 16 அங்குலச் சுற்றளவுள்ள பெரும்பந்தை வெறுங்கையாற் பிடித்து ஆடும் பழைய வழக்கு இன்றும் உளது. பழைய ஆட்டக்காரர் தம் கோணிய விரல்களை அங்கே பெருமையாய்க் காட்டுவர். (பெருமைக்கு எவ்வெவை காரணமாகின்றன!) ஆகவே ஒவ்வாதாரை ஒன்றுசேர்ப்பது பந்தின் மென்மையன்று, எறியின் மென்மையே. குடும்பத்தாரும் நண்பரும் ஆடுவது பெரும்பாலும் மெல்லெறி ஆட்டம். இதில் எறிபவர் கையைத் தாழ வீசிப் பந்தை மிதமான வேகத்தில் வில்போல் வளைய விடுதல் வேண்டும். அமெரிக்க மென்பந்துச் சங்கத்தின் விதிப்படி அவ்வளைவு நிலத்தினின்று 6 அடிக்குக் குறையாத உயரம் எழும்புதல் வேண்டும். வானினின்று இறங்கிவரும் பந்தை அடித்தல் அறுபது வயதினர்க்கும் இயலும், அன்று காலையே மட்டை பிடிக்கக் கற்றார்க்கும் இயலும். ஓட வேண்டிய தொலைவும் குறைவு. பேஸ்பாலில் ஒரு தளத்திற்கும் மற்றொரு தளத்திற்கும் இடையே 90 அடி. இருபாலார் மெல்லெறி ஆட்டத்திலோ அதனினும் குறைவே. 1996-ல் ஒலிம்பிக் பந்தயங்களுள் இடம்பெற்ற மகளிர் மென்பந்தாட்டம் விரைவெறியாகிய வேறொரு கிளை. அதனை இதனோடு வைத்து எண்ணலாகாது.

இனி விதிகளைக் காண்போம். அணிக்குப் பதின்மர், ஆடவர் ஐவர், மகளிர் ஐவர். ஆடவர் ஒருவர் அடித்தபின் பெண் ஒருவர், அவர்க்குப்பின் ஆடவர் என மாறி மாறி அடித்தல் வேண்டும். பந்தைத் தடுத்து நிற்குமிடத்தும் இவ்வொழுங்கு உண்டு. உட்களத்தில் ஆடவர் இருவரும் மகளிர் இருவரும், வெளிக்களத்திலும் அவ்வாறே நால்வரும் நிற்பர். எறிபவரும் பின்னின்று பிடிப்பவருமாகிய இருவருள் ஒருவர் ஆடவராயின் மற்றவர் பெண்ணாதல் வேண்டும். மகளிரையெல்லாம் பந்து வாராத மூலையில் நிறுத்திவிடும் உபாயத்தை இவ்விதி அடைத்துவிட்டது. மகளிர் அடிக்கும்போது சற்றுச் சிறியதாகிய 11 அங்குலப் பந்து வழங்கப்படும். அது பெரிய பந்தினும் தொலைவிற் பறப்பது. இவையெல்லாம் பொதுவிதிகள், இவற்றில் அறிதற்கரியது ஒன்றுமில்லை.

சிறப்புவிதி ஒன்று உண்டு, அதுவே நுட்பமானது. எறிபவர் நான்கு பந்துகளை நெறிதவறி எறியின், அடிப்பவர் அடியாமலே முதல் தளத்திற்கு நடந்து செல்லலாம். இதனை ‘நடை’ என்று பொருள்பட வழங்குவர். இதனால் ஒரு சூழ்ச்சி தோன்றிற்று. ஆடவர் வன்மையாய் அடிப்பர், அடுத்து வரும் பெண் எளிதில் அவுட்டாவர் என்று கருதிய எறிபவர், வேண்டுமென்றே ஆடவரை நடக்கவிட்டுப் பெண்ணை எதிர்கொள்ளத் தொடங்கினால் என் செய்வது? சட்டப்படி அதில் குற்றமில்லை; ஆயின் ஐந்து மகளிரும் எதிரணியின் வசதிக்கெனவே அங்கு நிற்பவராவர். ஆகவே விதி இவ்வாறு அமைந்தது: ஆடவர்க்கு நடை கிடைப்பின் அவர் ஒரு தளமன்று, இரண்டு தளம் செல்வர். அன்றியும், முன்னரே இருவர் அவுட்டாகியிருக்கும் வேளையாயின், அடுத்து வரும் பெண் தாமே முதல் தளத்திற்கு நடக்கலாம். அல்லது நின்று அடிக்கலாம். எது செய்வதென்னும் தெரிவு அவருடையது. விசிப்பலகையில் அமர்ந்து கூவும் கணவருடையதன்று.

இவ்விதி மகளிரைத் தாழ்த்துவது என்பார் உளர். பெண் என்பவள் அடிக்க வல்லளல்லள் என்னும் கருத்தை அது விதிநூலிலேயே எழுதிவைத்துவிட்டது என்பது அவர் கூற்று. யான் அங்ஙனம் கருதவில்லை. விதி தண்டிப்பது அவர் வலிமைக் குறைவையன்று. அவரை இகழ்ந்து நோக்கிய எறிபவரையே தண்டிக்கின்றது. இருவர் அவுட்டாகி, இரண்டாம் தளத்தில் ஓட்டக்காரர் காத்து நிற்க, நடந்து செல்லும் உரிமை கையிலிருந்தும் அதனை வேண்டாமென்று மட்டையை உயர்த்தும் பெண்ணைக் காண்போர், இவ்விதி அவரைத் தாழ்த்திற்று என்று கூறத் துணியார். எனினும் இதில் ஒரு குறை உண்டு. அணியில் மிக வன்மையாய் அடிப்பவர் ஒரு பெண்ணாயின்? அவரை வேண்டுமென்றே நடக்கவிட்டு அடுத்த ஆடவரை எதிர்கொள்வதற்கு இவ்விதியில் தண்டம் யாதும் இல்லை. அவர்க்கு ஒரு தளமே. அத்தகைய அணி உண்டாதல் கூடும் என்பதை விதி செய்தோர் எண்ணினாரல்லர் போலும். நடை யார்க்கு அளிக்கப்படினும் இரண்டு தளம் என்று வகுத்தால் வழக்கொழியும்.

அடிப்பவர் பெண் என்று கண்டதும் வெளிக்களத்தில் நிற்போர் நான்கடி, பத்தடி, இருபதடி என முன்னேறி வந்து நெருங்கி நிற்றல் மற்றொரு வழக்கம். இதனைத் தடுத்தற்குச் சில ஊர்க் குழுக்கள் தமக்கெனப் புறனடை ஒன்று செய்துகொண்டன. வெளிக்களத்திலே ஒரு கோடு வரையப்படும். பெண் பந்தை அடிக்குமளவும் அக்கோட்டிற்கு அப்பால் நிற்றல் வேண்டும். உட்களத்திற்கு மேலே மெல்லத் தூக்கியடிக்கும் பெண்ணுக்கு இது பேருதவியே. ஆயினும், அருகே வந்து நிற்போர் தலைக்குமேலே ஒரு பந்து பறந்துவிடின், அடுத்தமுறை அவர்கள் தாமே பின்வாங்குவர். அதற்குக் கோடு வேண்டுவதில்லை.

இதுகாறும் கூறியவை எதிரணியின் இகழ்ச்சியைத் தடுக்கும் விதிகள். தன் அணியினுள்ளே தோன்றும் இகழ்ச்சிக்கு விதிநூலில் மருந்து காணேன். பந்து உயர எழுகின்றது; இரண்டாம் தளத்தருகே நிற்கும் பெண்ணின் கையுறைக்கு நேராகவே இறங்குகின்றது. அவர் இரண்டடி பின்வைத்து ஆயத்தமாய் நிற்கின்றார். அந்நேரத்தில் வெளிக்களத்தினின்று அவர் மைத்துனர் ஓடிவந்து, அவர் முன்னே பாய்ந்து பந்தைப் பற்றிவிடுகின்றார். எதிரணியார் ஒருவர் அவுட், கணக்கில் நன்மையே. நடுவர் ஒன்றும் சொல்லார். ஆயின் அப்பெண் அன்று மாலை முழுதும் களத்தில் நின்றதன் பயன் யாது? இவ்வாறு நான்கு ஞாயிறு கழியின் ஐந்தாம் ஞாயிறு அவர்க்குத் தலைவலி வரும். தன்மேல் வரும் பந்தை ‘என்னுடையது’ என்று உரக்கக் கூவிப் பிடித்தல் இவ்வாட்டத்து மரபு. நல்ல அணிகளில் யார் முதலிற் கூவினாரோ அவர்க்கே பந்து. கை நழுவினும் அவர்க்கே. கூவக் கற்பித்தல் பிடிக்கக் கற்பித்தலினும் கடினம் என்றே தோன்றுகின்றது. வீட்டிலே மூத்தோர்முன் குரலெழுப்பாது வளர்ந்தவர்க்கு அது மேலும் கடினம்.

எண்ணிக்கை பற்றிய விதியிலும் இத்தகையதொரு சிக்கல் உண்டு. மகளிருள் ஒருவர் வாராது போயின், பல குழுக்களில் அவர் அடிக்கும் முறை வருந்தோறும் அணிக்கு ஓர் அவுட் எழுதப்படும். இவ்வச்சத்தால் ஆட்டநாளின் பிற்பகலில் டெலிபோன் மணி பல வீடுகளில் ஒலிக்கும். ‘நீ அடிக்கவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம், வந்து நின்றால் போதும்’ என்று தமக்கையை வேண்டுவார் உளர். வந்து நிற்கும் அத்தமக்கையார் விதியின் எழுத்தை நிறைவேற்றினார். அதன் கருத்து நிறைவேறிற்றா என்பது ஐயம். எனினும் அங்ஙனம் வந்தவருள் சிலர், மெல்ல இறங்கிவரும் பந்தொன்றைத் தற்செயலாய் நன்றாக அடித்துவிட்டு, அடுத்த வாரம் யாரும் அழையாமலே கையுறையோடு வந்து நிற்றலும் உண்டு. தேர்ந்த அணித்தலைவர்கள் ஐவரோடு நில்லாது ஆறேழு மகளிரைப் பட்டியலிற் சேர்த்துக்கொள்வர். எழுவரும் ஒருங்கே வந்துவிட்டால் வெளியே அமர வேண்டிய இருவர் யார் என்னும் வழக்கு எழும். மாமியாரும் மருமகளும் ஓரணியில் இருப்பின் அஃது எளிதில் தீராது. அதற்கு விதியும் இல்லை, புறனடையும் இல்லை. ஆட்டம் முடிந்தபின் இராவுணவு வேளையிலேதான் பேசித் தீர்த்துக்கொள்ளல் வேண்டும்.