ஊர் மாறும் வீணை

திருவனந்தபுரத்தின் ஆரியசாலையில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. நவராத்திரியின்போது பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதியின் திருவுருவம் கோட்டைக்குள் உள்ள நவராத்திரி மண்டபத்திற்கு வருகிறது. உடன்வரும் வேளிமலைக் குமாரசுவாமி ஆரியசாலைக் கோயிலில் எழுந்தருளுகிறார். மண்டபத்தில் ஒன்பது நாள்களும் சுவாதித் திருநாளின் கீர்த்தனைகள் ஒலிக்கின்றன. கலைமகளின் கருவியாகிய வீணையை அந்நாள்களில் வீடுகளிலும் பூசையில் வைத்து வணங்குவர்.

புகழ்பெற்ற தஞ்சாவூர் வீணை பலா மரத்தால் செய்யப்படுவது. அதன் தண்டியின்மேல் 24 மெட்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டிருக்கும். ஏழு தந்திகளையும் மரப் பிரடைகள் இறுக்கிப் பிடித்திருக்கும்.

மரம் வெட்டப்பட்ட பின்னரும் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று உப்பும். வறண்ட காற்றில் அதனை இழந்து சுருங்கும். ஆரியசாலையின் மழைக்காலத்தில் பிரடைகள் திருப்ப இயலாதவாறு இறுகும்; தந்திகளில் துரு ஏறும்.

அவ்வீணையுடன் ஒரு குடும்பம் கனடாவின் டொரன்டோ நகருக்குக் குடிபெயர்ந்தால் நிலைமை தலைகீழாகும். கடுங்குளிர்க் காற்றில் நீராவி மிகக் குறைவு. அக்காற்று வீட்டினுள் சூடாக்கப்படும்போது அதன் ஒப்பு ஈரப்பதம் மேலும் தாழ்கிறது. மரம் சுருங்குகிறது, பிரடைகள் நழுவுகின்றன, ஒட்டிய இடங்கள் விடுகின்றன, குடம் வெடிக்கவும் கூடும். ஆகவே, குளிர்நாட்டில் வீணைக்குப் பெரும்பகை வறட்சியே.

வெடித்த குடத்தை ஒட்டிச் சீர்செய்யலாம்; எனினும் பழைய நாதம் முழுமையாகத் திரும்பும் என உறுதி கூற இயலாது. எனவே, வருமுன் காத்தலே நன்று.

காக்கும் முறைகள்:

1. அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காடு வரை இருத்தல் வேண்டும். குறைந்தால் ஈரமூட்டும் கருவியைப் பயன்படுத்துக.
2. வெப்பமூட்டியின் அருகிலும் வெயிலிலும் வீணையை வைக்கலாகாது. வெப்பத்தால் மெழுகு இளகி மெட்டுகள் இடம் பெயரும்.
3. குளிரிலிருந்து வீட்டினுள் கொண்டுவந்தவுடன் பெட்டியைத் திறக்கலாகாது. திறந்தால் குளிர்ந்த மரத்தின்மீது நீர்த்துளிகள் படியும். சில மணி நேரம் பொறுத்துத் திறக்க.
4. வாசித்தபின் உலர்ந்த பருத்தித் துணியால் தந்திகளைத் துடைக்க.

தஞ்சையில் பிறந்த வீணை எவ்வூரிலும் இசைக்கும். அவ்வூர்க் காற்றின் இயல்பறிந்து காப்பவர் வேண்டும்.

சொற்பொருள்:

தந்தி – இசைக்கருவியின் கம்பி
பிரடை – தந்தியை முறுக்கும் திருகு
மெட்டு – சுரத்தானத்தைக் காட்டும் உலோகக் கட்டை
நாதம் – இனிய ஒலி

பயிற்சி:

1. பிரடைகள் மழைக்காலத்தில் இறுகுவதும் குளிர்நாட்டில் நழுவுவதும் ஏன்?
2. மழைக்காலத்தில் மரக்கதவைத் திறப்பது கடினமாவது ஏன்? பாடத்தின் துணையுடன் விளக்குக.